சிவக்காத துளி

குருவிக்கரடு என்ற சிறு குன்றின் பாறையில் சாம்பல் நிறப் பொருக்காக ஒட்டியிருந்தது ஒரு லைக்கன். சமையலில் போடும் கற்பாசியின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் உரித்தெடுக்க முடியாது. பெயர்த்தால் கல்லோடுதான் வரும். அதைக் கண்டுபிடித்ததிலிருந்து ஆராய்ச்சி மாணவன் இளவழகனுக்குத் தூக்கமே இல்லை.

கரட்டைக் கல் குவாரிக்குக் கொடுக்கலாமா என்று முடிவுசெய்ய அதிகாரிகள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். வேறெங்கும் இல்லாத உயிர் இங்கே இருப்பதாக நிரூபித்தால் கரடு பிழைக்கும்.

பேராசிரியை அருள்மேரியை அவன் மேலே அழைத்து வந்தான்.

"இதே மாதிரி ஒரு சாதாரண லைக்கன் இருக்குதுங்க மேடம். அதுல பிளீச்சிங் துளி விட்டாச் சிவக்கும். இது சிவக்கவே இல்லை. புது இனம்! நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அருள்மேரி குனிந்து லென்ஸில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பிளீச்சிங் பாட்டிலைக் கொடு."

துளியை அவர் அதன்மேல் விடவில்லை. பக்கத்துப் பாறையில், முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த வேறொரு லைக்கன்மேல் விட்டார். கட்டாயம் சிவக்க வேண்டியது அது.

சிவக்கவில்லை.

இளவழகன் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தான். நெடியே இல்லை. பாட்டில் பல நாளாக ஜீப்பில் வெயிலில் கிடந்தது. மருந்து வீரியம் போய் வெறும் தண்ணீராகியிருந்தது. தெரிந்த லைக்கனில் முதலில் சோதித்துப் பார்ப்பது பாலபாடம். சந்தோஷம் அவன் கண்ணை மறைத்துவிட்டது.

அருள்மேரி தன் பையிலிருந்து புது பாட்டிலை எடுத்தார். தெரிந்த லைக்கன் உடனே சிவந்தது. அடுத்த துளியை அவனுடைய லைக்கன்மேல் விட்டார்.

அதுவும் சிவந்தது.

"யாரும் பாக்கலைங்க மேடம்." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "புதுசுன்னே சொல்லிடலாம்."

"நாளைக்கு இன்னொருத்தன் நல்ல பாட்டிலோட வருவான்."

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. யாரோ பொறுமையிழந்து மேலே ஏறி வரத் தொடங்கினார்கள்.

"சாதாரணம்னு சொன்னா உடைச்சிடுவாங்களே!" என்று கத்தியேவிட்டான்.

அருள்மேரிக்கும் கண் கலங்கியிருந்தது. பாட்டிலை மூடிப் பையில் வைத்தார்.

"சாதாரணம்னுதான் சொல்லணும். சொல்லிட்டு அவங்களை ஒண்ணு கேளு. சாதாரணமா இருந்தா உடைச்சிடலாம்னு யாரு சொன்னது? வா, நானும் அதைக் கேக்கணும்."