பத்து மணிக்கு யார் இருக்கலாம்?

ஒரு வார்டு, ஒரு சிறுமி, மூன்று பெரியவர்கள். மூவருமே அவளுக்கு நல்லது செய்யத்தான் பார்த்தோம். "பார்த்தோம்" என்கிறேனே, கவனித்தீர்களா? மூவரில் ஒருத்தி நான், அந்தக் குழந்தைகள் வார்டின் நர்ஸ். கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். என்னிடம் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

சிறுமியின் பெயர் மாரிச்செல்வி. பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி மடியில் கொட்டி, இடுப்புக்குக் கீழே வெந்துபோய் வந்திருந்தாள். தினமும் காலை பத்து மணிக்குப் பழைய கட்டைப் பிரித்து, துடைத்து, மருந்து வைத்துப் புதுக்கட்டுப் போட வேண்டும். கட்டு தவறினால் சீழ் பிடிக்கும், பிடித்தால் தோல் எடுத்து ஒட்டுகிற ஆபரேஷன் வரை போகும் என்று டாக்டர் குலசேகரன் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

எங்கள் வார்டில் இருபது கட்டில்கள். இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். பத்து மணிக்குத்தான் டாக்டரும் தம் மாணவர்களோடு வருவார். மருந்தும் கட்டுத்துணியும் வரும் வண்டியின் சத்தம் கேட்டதும் மாரிச்செல்வி தன் அம்மாவிடம் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு எத்தன பேரும்மா?" பிள்ளை டாக்டர்களை எண்ணி விளையாடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் டாக்டர்தான் கட்டு மாற்றினார். மனிதருக்கு மிருதுவான கை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யார் உன் சிநேகிதி என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டைப் பிரிப்பார். ஆறு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, புண் எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மாரிச்செல்வி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் வலி மருந்தைக் கூட்டி எழுதினார். அழுகை குறையவில்லை.

இதற்கு நடுவில் தரை துடைக்கும் செவத்தியம்மாவோடு எனக்குப் பெரிய தொல்லை. வாளியோடு வந்தவள் அந்தக் கட்டிலருகே மட்டும் நின்றுவிடுவாள். இப்போது துடைக்கட்டுமா, கட்டு மாற்றிய பிறகு வரட்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பாள். பிள்ளை "பொறவு" என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். தரை காய்ந்து முடிய பதினொன்றரை ஆகிவிடும். "அந்தப் பிள்ளை உத்தரவு குடுத்தாத்தான் வேலை பாப்பியோ?" என்று வார்டே கேட்கும்படி அவளைத் திட்டினேன்.

மூன்றாம் நாள், பிள்ளையின் அழுகை வலியால் மட்டுமல்ல, வெட்கத்தாலும்தான் என்று எனக்கு உறைத்தது. டாக்டருக்கே தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டதே என்று ஒரு பெருமை வேறு. சக்கரம் வைத்த பச்சைத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் கட்டிலைச் சுற்றி நிறுத்தினேன். எங்கள் வார்டில் அந்தத் திரையை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் எடுப்போம். முந்தாநாள் அது நாலாம் கட்டிலைச் சுற்றி நின்றது. அந்தத் தாய் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். மாரிச்செல்வி அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். இப்போது அவள் அழவில்லை. "சிஸ்டர், நான் செத்துருவேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று உளறிக்கொட்டிவிட்டுத் திரையைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனேன். அன்றும் திரையில்லாமலே கட்டு மாற்றினோம்.

நான்காம் நாள் கட்டு மாற்றும்போது அவளுடைய அம்மா பேச்சியம்மாள் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண்ணும் பிள்ளைமேல் படவில்லை. ஆனால் துணியைப் பிடித்தபடியே, எந்த இடத்தில் வெந்தது, எவ்வளவு தழும்பு விழும், நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கத்துத் தாய்மாரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். பாவம், அவள் பாரம் அவளுக்கு. கேட்டவர்களும் அக்கறையோடுதான் துருவித் துருவி விசாரித்தார்கள். முந்தானைக்குள் பிள்ளை கல் மாதிரி கிடந்தாள்.

ஐந்தாம் நாள் அவள் போர்வையைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டு யாரையும் தொடவிடவில்லை. கட்டு தவறியது. ஆறாம் நாள் காலையில் காய்ச்சல் அடித்தது. கட்டிலருகே போனாலே வாடை தெரிந்தது.

டாக்டர் மயக்க மருந்து கொடுத்துக் கட்டு மாற்றச் சொல்லியிருக்கலாம். அவர் மாணவர்களை வெளியே அனுப்பினார். வாளியோடு வாசலுக்கு வந்த செவத்தியம்மா அங்கேயே நின்றுகொண்டாள். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"கட்டு மாத்தியே ஆகணும்மா. நான் மாத்துறேன். அதுல உனக்கு வேற வழி இல்ல. ஆனா உன் பக்கத்துல ஒருத்தர் மட்டும் இருக்கலாம். யாருன்னு நீ சொல்லு."

பேச்சியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். நானும் ஓரடி எடுத்து வைத்தேன். இத்தனைக்குப் பிறகும் என்னைக் கூப்பிடுவாள் என்று ஒரு நப்பாசை.

சொல்லுங்கள். மாரிச்செல்வி யாரைக் கூப்பிட்டாள்? அந்த வார்டில் யார் செய்தது சரி?

விடை: வாசலில் நின்ற செவத்தியம்மாவை. டாக்டருக்கு நல்ல கை, எனக்குத் திரை, தாய்க்கு முந்தானை என்று ஆளுக்கொன்று இருந்தது; ஆனால் உனக்கு எப்படி வேண்டும் என்று ஒருவரும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டருக்கு ஆறாம் நாள்தான் கேட்கத் தோன்றியது. செவத்தியம்மா முதல் நாளிலிருந்தே கேட்டாள், பிள்ளை சொன்னபடியே விலகியும் போனாள். மாரிச்செல்வி கூப்பிட்டதும் செவத்தியம்மா உடனே உள்ளே வரவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். திட்டியது நானல்லவா. வா என்று தலையசைத்தேன். அவள் கட்டிலருகே போய், "நான் இருக்கட்டா கண்ணு?" என்று மறுபடியும் பிள்ளையைத்தான் கேட்டாள்.