அசையாத தேனீ

"அசையுது மேடம். எல்லாம் சரியா வருது, கடைசி நேரத்துல அசைஞ்சிடுது."

ரெஜினா கதவைத் திறந்ததும் குணசீலன் சொன்னது இதுதான். கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"உள்ள வாங்க."

அவள் எடுத்த தேனீப் படம் ஒன்றைக் கோவையில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் அவன் அவளிடம் படிக்க வந்தான். ஆள் உயரப் படம். உணர்கொம்பு நுனியிலிருந்து வயிற்றின் கடைசிவரை ஒரு மயிர்கூட மங்கவில்லை. மேலெல்லாம் பனித்துளி.

அதை ஒரே கிளிக்கில் எடுக்க முடியாது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் இறக்கை மங்கும், இறக்கையில் வைத்தால் கண் மங்கும். ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி வரிசையாகப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்ததை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும்.

அது முடியும்வரை தேனீ அசையக் கூடாது. பூ ஆடக் கூடாது. காற்றே வரக் கூடாது.

வருடக்கணக்கில் குணசீலன் காற்று ஓயக் காத்துக்கிடந்தான்.

அம்மாவின் முதல் வருஷத் திவசத்தன்று, விடியலில் ஓர் இலைகூட அசையவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தம்பி தனியாக உட்கார்ந்து திவசம் கொடுத்தான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அன்றைய படத்திலும் இறக்கை இரண்டாகத் தெரிந்தது.

"நீங்க எப்படித்தான் எடுத்தீங்க? கேட்டா பொறுமை, பொறுமைங்கறீங்க. இன்னும் எவ்வளவுதான் பொறுமையா இருக்கறது?"

ரெஜினா அவனையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அவன் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

ஒரு தேனீ. கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது.

"செத்துப் போச்சா?"

"இல்ல. குளிர்ல விறைச்சிருக்கு."

"அப்ப அந்தப் படம்?"

"இப்படித்தான்."

"பனித்துளி?"

"தண்ணி ஸ்ப்ரே."

அவன் முகம் சிவந்தது.

"விடியக்காலை, தவம்னெல்லாம் மேடையில பேசினீங்களே! அதை நம்பி எங்கம்மா திவசத்தையே விட்டுட்டுப் போனவன் நான். உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருக்கு."

அவள் பால்கனியைக் காட்டினாள்.

"அங்க நல்ல வெயில். கொண்டுபோய் வைங்க, கொஞ்ச நேரத்துல பறந்துடும்."

பிறகு உள்ளறையைக் காட்டினாள்.

"அங்க மேஜை, ஸ்டாண்டு, லைட் எல்லாம் இருக்கு."

குணசீலன் தேனீயைப் பொத்திக்கொண்டு நின்றான். பால்கனிப் பக்கம் ஓர் அடி வைத்தான். நின்றான்.

உள்ளறைக்குப் போனான்.

முதலில் உணர்கொம்பு. அடுத்து கண். காற்று இல்லை, ஆட்டம் இல்லை. இத்தனை நாள் ஏங்கியது ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அவனுக்குக் கண்ணீர் வந்தது; துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை. மார்பு முடிந்தது. இறக்கை முடிந்தது. வயிற்றின் நுனி மட்டும்தான் பாக்கி.

விளக்கின் சூட்டில் தேனீயின் பின்னங்கால் மெல்ல நீண்டது. இறக்கை ஒருமுறை நடுங்கியது.

"ச்சே!" என்றான்.

அதை வெளியே விட ரெஜினா ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"திறக்காதீங்க மேடம்."

தேனீயின் மேல் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"மறுபடி எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜுல வைக்கணும்?"