பவுனாத்தா கடித்துப் போட்ட கயிறு

கருங்குளத்துக் காட்டில் பவுனாத்தா என்றொரு எலி இருந்தாள். குளக்கரைப் பாறையின் அடியில் அவள் வளை. அந்தப் பாறையின் மேல்தான் காட்டுக்கே பொதுவான கயிறு கிடந்தது.

கோடை வந்தால் குளம் வற்றிவிடும். கரையைச் சுற்றி ஆளையே விழுங்கும் சேறு. தண்ணீர் குடிக்கப் போகும் விலங்குகள் அதில் மாட்டிக்கொள்ளும். அப்போது கயிற்றை வீசி, மறுமுனையைக் காரி என்ற காட்டெருமையின் கழுத்தில் மாட்டி இழுப்பார்கள். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கற்றாழை நார்க் கயிறு அது. அதற்குப் பொறுப்பு சடையன் என்ற குரங்கு.

ஒரு நாள் காலை பவுனாத்தா அந்தக் கயிற்றின் மேல் நடந்து போனாள். நடுவில் திடுக்கிட்டு நின்றாள். ஒரு புரி அறுந்து கிடந்தது. இன்னொரு புரி, கால் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் கூரான பாறை விளிம்பில் உரச உரச இழுத்தார்கள். வேலை முடிந்ததும் வெயிலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். கயிறு எத்தனை நாள் தாங்கும்?

அவள் சடையன் பழம் தின்றுகொண்டிருந்த நாவல் மரத்துக்கு ஓடினாள்.

"சடையா! கயிறு போச்சு! மூணு புரியில ஒரு புரிதான் உருப்படியா இருக்கு!"

சடையன் பழக்கொட்டையைத் துப்பினான். "நார்னா உதிரத்தான் செய்யும். உனக்கு முடி கொட்டுறதில்லையா?"

"காரியண்ணன் இழுக்கிற இழுப்புக்கு அது தாங்காது! புதுசு முறுக்கணும்!"

"புதுசா? நார் உரிச்சு, ஊறவச்சு, காயவச்சு, முறுக்கி... பத்து நாள் வேலை! பழம் தீரட்டும், பார்க்கலாம்."

ஆனாலும் சாயங்காலம் அவன் பாறைக்கு வந்தான். பவுனாத்தாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. அவன் என்ன செய்தான் தெரியுமா? அறுந்த இடத்தை மடக்கி ஒரு முடிச்சுப் போட்டான். முடிச்சு தெரியாமல் பச்சை இலைகளைச் சுற்றிக் கட்டினான்.

"முடிச்சுப் போட்ட இடம்தான் முதல்ல அறும்! இலையைச் சுத்தி யாரை ஏமாத்துறே?" என்று கத்தினாள் பவுனாத்தா.

சடையன் நாவல் மரத்துக்கே திரும்பிப் போனான்.

மறுநாள் தண்ணீர் குடிக்க வந்த எல்லோரிடமும் அவள் சொன்னாள். சடையன் பதறவே இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டான்: "கயிறு சேதம்னு சொல்றது யாரு? எலி! காட்டுல கயித்தைக் கடிக்கிறது யாரு? அதே எலி!"

எல்லோரும் சிரித்தார்கள். காரியும் சிரித்தான். "பவுனு, பசிச்சா கிழங்கைத் தின்னு. கயித்தை விட்டுடும்மா!"

பவுனாத்தா விடவில்லை. "நான் கடிச்சா வெட்டின மாதிரி இருக்கும். இது பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சிருக்கு. உள்ளே பாறைத்தூள் இருக்கு. இலையைப் பிரிச்சு ஒரே ஒரு தடவை பாருங்க!"

ஒருவர்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கயிறு கடித்தவள் என்று சொல்லட்டும். கண்ணெதிரே கிடக்கும் கயிற்றைக் குனிந்து பார்க்கவுமா முடியாது?

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் தேனம்மா என்ற கடமான் சேற்றில் இறங்கிவிட்டாள். வயிறு வரை புதைந்துபோய் அலறினாள். கூட்டம் கூடியது. கயிறு வந்தது.

"வேண்டாம்! அறுந்துடும்!" என்று பவுனாத்தா குறுக்கே ஓடினாள். சடையன் அவளை வாலால் தள்ளிவிட்டான்.

"இழு காரி! வெடுக்குன்னு இழு!"

காரி வெடுக்கென்று பாய்ந்தான். கயிறு பாறை விளிம்பில் கிறீச்சிட்டது. பக்கத்திலேயே சிங்காரி என்ற நாரை கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

படார்!

முடிச்சில் அறுந்தது. காரி முட்டித் தோல் உரிய முகம் குப்புற விழுந்தான். அறுந்த முனை சாட்டை போலத் திரும்பி வந்து சிங்காரியை அடித்தது. அவள் இடது சிறகு முறிந்து தொங்கியது. சேற்றில் தேனம்மா மார்பு வரை இறங்கிவிட்டாள்.

சடையன் ஓடிவந்தான். எதற்கு? அந்த இரண்டு முனைகளையும் எடுத்து மறுபடி முடிச்சுப் போட! "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே! இன்னொரு முடிச்சுப் போட்டாச் சரியாயிடும்!"

பவுனாத்தா அந்தக் கயிற்றின் மேல் பாய்ந்தாள். கரக்! கரக்! மீதிக் கயிற்றைச் சாண் சாணாகக் கடித்துப் போட்டாள்.

"இப்ப நான்தான் கடிச்சேன்! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! இந்தக் கயிறு இனிமே யாரையும் கொல்லக் கூடாது!"

"ஐயையோ, தேனம்மாவுக்கு இருந்த ஒரே கயிறு!" என்று சடையன் கூவினான்.

"வாயை மூடு! காரியண்ணே, எழுந்திரு. அந்த மரத்துல தொங்குற பச்சைக் கொடியைப் பிடுங்கிட்டு வா!"

காரி நொண்டிக்கொண்டே போய் நான்கு கொடிகளைக் கொண்டுவந்தான். பவுனாத்தா ஒவ்வொன்றிலும் நுனி முதல் நுனி வரை ஓடிப் பார்த்தாள். ஒன்றில் வெடிப்பு இருந்தது. தூக்கி எறியச் சொன்னாள். மற்ற மூன்றையும் ஒரு மரத்தில் மாட்டி, காரியை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். தாங்கின. பாறை விளிம்பில் புல்லைக் கட்டுக்கட்டாகப் பரப்பினார்கள்.

"சடையா, நீதானே கயித்துக்குப் பொறுப்பு? போய் அவ மார்புல சுத்து!"

சடையன் ஒரு கட்டையின் மேல் தவழ்ந்து போனான். சேற்றுக்குள் கைவிட்டுக் கொடிகளைச் சுற்றித் திரும்பினான்.

"எல்லாரும் தள்ளிப் போங்க! கொடி நீளத்துக்கும் மேல தள்ளி நில்லுங்க! அண்ணே, வெடுக்குன்னு இழுக்காதே. மெதுவா!"

காரி அடிமேல் அடி வைத்து இழுத்தான். நெடுநேரம் இழுத்தான். கடைசியில் தேனம்மா சேற்றுப் பொதியாகக் கரையில் வந்து விழுந்தாள். உயிர் இருந்தது.

"பவுனு, உன்னைத் தப்பாப் பேசிட்டேன்," என்று காரி தலை குனிந்தான்.

சடையன் மெல்ல இளித்தான். "அதான் நல்லபடியா முடிஞ்சுதே! இனி எதுக்குப் பழசெல்லாம்?"

"நல்லபடியாவா?" பவுனாத்தாவின் குரல் காடெங்கும் கேட்டது. "இந்த வார்த்தையை அந்த நாரை மூஞ்சியைப் பாத்துச் சொல்லு!"

சடையனால் பார்க்க முடியவில்லை. மற்றவர்களாலும் முடியவில்லை.

அன்றே அவனிடமிருந்த பொறுப்பைப் பறித்தார்கள். பத்து நாளில் புதுக் கயிறு முறுக்கி, நிழலில் தொங்கவிட்டார்கள். இழுக்கும் முன் எல்லோர் கண்ணுக்கும் எதிரில் சாண் சாணாகத் தடவிப் பார்ப்பது வழக்கமாயிற்று. தேய்ந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே அதைத் துண்டு போட்டார்கள்.

சிங்காரியின் சிறகு கூடவில்லை. மழை வந்து மற்ற நாரைகள் பறந்து போனபோது அவள் மட்டும் கரையில் நின்றாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பவுனாத்தாவுக்குக் கோபம் புதிதாகப் பொங்கியது.

பழுதைச் சொன்னவர் மேல் பழி போட்டுவிட்டுப் பழுதை மூடி மறைப்பவன், தன்னை நம்பி நிற்பவர்களின் உயிரோடு விளையாடுகிறான்.