பாதிக் கல்லைத் திருப்பிக் கொடுத்த தங்கை

அந்தக் காலத்தில் எண்களுக்குக் கால் இருந்தது, வாயும் இருந்தது. நம்மைப் போலவே ஊர் கட்டிக் குடியிருந்தன. ஒவ்வொருவர் வலது தோளிலும் ஒரு சின்னக் கல் இருக்கும். அதற்கு அடுக்கு என்று பேர். ஒரு கல் சுமந்தால் அவர் அவராகவே இருப்பார். இரண்டு கல் சுமந்தால் தன்னைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு பெரிதாகி நிற்பார். ஒரே குலத்தார் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் பெருகுவார்கள். அப்போது இருவர் கல்லையும் ஒன்றாகக் கூட்டிக்கொள்வது வழக்கம். தோள் வெறுமையானால் மட்டும், எந்தக் குலமானாலும் வெறும் ஒன்றாக ஆகிவிட வேண்டியதுதான். பேரும் போய்விடும், உறவும் மறந்துவிடும்.

அந்த ஊரில் ஒன்பதின் குலத்தில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். காற்று அடித்தால் பயம், தங்கை கொஞ்சம் தாமதமாக வந்தால் பயம்.

ஒருநாள் அவள் பயந்தபடியே ஆகிவிட்டது. தண்ணீர் சேந்தக் குனிந்த தங்கையின் தோளிலிருந்து கல் நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் தோளில் கல் ஏறாவிட்டால் அவள் ஒன்றாகிவிடுவாள். அக்காவின் முகமே அதன்பிறகு அவளுக்குத் தெரியாது.

அக்கா யாரையும் கேட்கவில்லை. தன் கல்லை எடுத்துத் துவைக்கிற கல்லில் ஓங்கிப் போட்டாள். அது சரிபாதியாகப் பிளந்தது. ஒரு பாதியைத் தங்கை தோளில் வைத்தாள், மறு பாதியைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

ஊர் கூடிவிட்டது. பாதிக் கல்லை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரிய மனிதரான நூறு முன்னால் வந்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“பாதிக் கல்லுக்குப் பாதி ஆள். ஆளுக்கு நாலரை. இதுக்குப் போயி இவ்வளவு கூட்டமா?”

அந்த ஊரில் யார் எவ்வளவு என்று முடிவு சொல்கிறவள் சமம் பெரியம்மா. அவளிடம் ஒரு தராசு உண்டு. கணக்குக்கு ஒத்து வராதவரை அவள் ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடுவாள். காப்பாற்றுகிறேன் என்று போய்த் தங்கையை மொத்தமாக அழித்துவிட்டேனோ என்று அக்கா அவளைத் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இரண்டு பாதி சேர்ந்தால் முழுக் கல், ஆகவே நீங்கள் இருவரும் சேர்ந்து பெருகினால் ஒன்பதுதான் வர வேண்டும் என்றாள் பெரியம்மா. ஒரு தட்டில் ஒன்பது நெல்லிக்காய் வைத்தாள். முதலில் நூறு சொன்னதைப் பார்ப்போம் என்று, நாலரையை நாலரையால் பெருக்கி மறு தட்டில் கொட்டினாள். தட்டு தரையில் போய் இடித்தது. இருபதேகால் நெல்லிக்காய்.

தட்டைக் காலி செய்து, சகோதரிகளை ஏறச் சொன்னாள். ஏறியதும் இருவரும் சுருங்கத் தொடங்கினார்கள். பாதியோடு நிற்கவில்லை. நாலரையையும் தாண்டிச் சுருங்கி மூன்றில் வந்து நின்றார்கள். மும்மூன்று ஒன்பது, தராசு முள் அசையவில்லை. ஒன்பது குலம் முளைத்த மூலமே மூன்றுதான் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

தங்கை அக்காவைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற ஒன்பது, தன்னால் இப்படி மூன்றாகக் கிடக்கிறாளே என்று அவளுக்குத் தாங்கவில்லை. வாங்கியதைத் திருப்பித் தருகிறவர்கள் அதன் முன்னால் கழித்தல் குச்சியைப் படுக்க வைப்பது அந்த ஊர் வழக்கம். ஆனால் தோளில் இருக்கிற கல்லுக்கு முன்னால் அதை வைக்க யாருக்கும் துணிவு வந்ததில்லை. அவள் வைத்தாள்.

“உன் பாதி உனக்கே இருக்கட்டும் அக்கா.”

சொல்லி முடிக்கவில்லை. அவள் நின்ற இடம் காலியாக இருந்தது. கல்லும் அக்காவிடம் வரவில்லை.

கழித்தல் குச்சியை முகத்துக்கு முன் பிடித்தவர்கள் பூஜ்யக் குளத்துக்கு அக்கரையில் குறை நாட்டில் வாழ்ந்தார்கள். அங்கேதான் போயிருப்பாள், குறை மூன்றாகியிருப்பாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா குளத்தைச் சுற்றி ஓடினாள். குறை மூன்றுகள் எல்லோரையும் நிறுத்தி முகம் பார்த்தாள். ஒருத்தியும் தங்கை இல்லை.

பொழுது சாயத் திரும்பி வந்தவளை சமம் பெரியம்மா தன்னருகே நிறுத்தினாள்.

“அவ குறை மூணா இருந்தா நீங்க ரெண்டு பேரும் பெருகி குறை ஒன்பது ஆகணும். கணக்கு அப்படி இல்லடி. உன்கிட்ட அரைக் கல். அவகிட்ட திருப்பின அரைக் கல். கூட்டினா தோள் வெறுமை, வெறுமைன்னா ஒன்னு. மூணோட பெருகி ஒன்னாகிறவ மூணுல ஒரு பங்குதான். உன் காலுக்குக் கீழ பாரு.”

அக்கா குனிந்தாள். காலடியில் ஊரைக் குறுக்கே பிரிக்கிற நீண்ட கோடு ஓடியது. மேலே நிற்பவர்கள் பெருக்குகிறவர்கள், கீழே நிற்பவர்கள் வகுக்கிறவர்கள். கோட்டுக்கு அடியில் தங்கை நின்றாள், மூன்றாகவே. அவள் தலைக்கு மேலே, கோட்டின் மீது, ஓர் ஒன்று கூரை மாதிரி நின்றது. தங்கையின் தோளில் குச்சி இல்லை. கோட்டைத் தாண்டும்போதே உதிர்ந்துவிட்டிருந்தது.

“கிட்டத்துல வராதே அக்கா,” என்றாள் தங்கை. “நாம தொட்டா ரெண்டு பேரும் அடிபட்டு ஒன்னாயிடுவோம். நான் உன்னை மறந்துடுவேன்.”

பாதிவரை நீட்டிய கையை அக்கா மெல்ல மடக்கிக்கொண்டாள். கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்து, கீழே குளிருகிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தாள்.

அன்று முதல்தான், பாதிக் கல் சுமக்கும் எண் பாதியாகாமல் தன் மூலமாகச் சுருங்குகிறது. அடுக்கின் முன் கழித்தல் குறி ஏறிய எண் குறை நாட்டுக்குப் போகாமல், அந்தக் குறியை உதறிவிட்டுக் கோட்டுக்குக் கீழே போய் நிற்கிறது.