இலுப்பைச் சுனையில் இன்னொரு முகம்

மலையடிவாரக் காட்டில் வாலிப மான்களுக்கென்று தனியாக ஒரு புல்வெளி இருந்தது. கொம்பு முளைக்கத் தொடங்கியதும் தாயை விட்டு அங்கே போய்விட வேண்டும். அது அந்தப் புள்ளிமான்களின் வழக்கம்.

துளிரன் என்ற மான் அங்கே வந்து சேர்ந்தபோது அதன் கொம்பு வெறும் மொட்டு. அதற்கு யாரையும் தெரியாது. மற்ற மான்கள் கூடிச் சிரித்துப் பேசும்போது, அது தள்ளி நின்று புல் மேய்வதுபோல் பாவனை செய்யும். பசி இருக்காது. ஆனாலும் தனியாக நிற்பவனுக்கு வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே, பாவம்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், கூட்டத்திலேயே பெரிய கொம்புடைய வில்லாளன் அதைக் கூப்பிட்டது. "டேய் புதுசு, எங்ககூட வா."

துளிரனுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னாலேயே ஓடியது.

பாறைச் சரிவில் ஒரு சுனை இருந்தது. மேலே நின்ற இலுப்பை மரம் தன் பூக்களையெல்லாம் அதில் உதிர்த்திருந்தது. பூக்கள் ஊறி, தண்ணீர் கள்போலப் புளித்துப் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு பறவையும் கத்தவில்லை. சில்வண்டுகூட வாய் திறக்கவில்லை.

துளிரனின் முன்னங்கால் தானாக மேலே எழுந்தது. ஆபத்தை முதலில் உணரும் மான், காலைத் தரையில் ஓங்கித் தட்ட வேண்டும். ஒன்று தட்டினால் மந்தையே ஓடும். மான்கள் இத்தனை காலம் பிழைத்திருப்பது அந்த ஒரு தட்டலால்தான்.

ஆனால் மற்ற மான்கள் நிம்மதியாகக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தன. துளிரன் சத்தமில்லாமல் காலை இறக்கி வைத்தது.

"குடிடா. பயமெல்லாம் பறந்துடும்," என்றது வில்லாளன்.

"எனக்கென்ன பயம்?" என்று சொல்லிக் குடித்தது துளிரன்.

உடம்பு லேசானது. நாக்கு அவிழ்ந்தது. அது சொன்னதற்கெல்லாம் கூட்டம் சிரித்தது. அன்று முதல்முறையாக மற்ற மான்களோடு ஒட்டிப் படுத்துத் தூங்கியது. விடிந்ததும், போன பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஒரு சருகு புரண்டாலும் உடம்பு தூக்கிப்போட்டது. அதனால் மாலையில் எல்லோருக்கும் முன்னால் சுனைக்குப் போய் நின்றது.

சில நாள் கழித்து, குறும்பன் என்ற மானைக் காணவில்லை.

"வேற மந்தைக்குப் போயிருப்பான்," என்றது வில்லாளன், யார் முகத்தையும் பாராமல். பிறகு இன்னொரு மானைக் காணவில்லை. யாரும் தேடவில்லை.

ஒரு மாலை துளிரன் குடிக்கக் குனிந்தது. தண்ணீரில் மான்களின் முகங்களுக்கு நடுவே இன்னொரு முகம் தெரிந்தது. அதற்கும் புள்ளிகள் இருந்தன. ஆனால் காதுகள் வட்டமாக இருந்தன. கண்கள் மஞ்சளாக இருந்தன.

சிறுத்தை பதுங்கவில்லை. கூட்டத்தில் ஒருவனாகக் கால் நீட்டிச் சுகமாக உட்கார்ந்திருந்தது.

துளிரன் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தது. வில்லாளன் சிறுத்தையைப் பார்த்தது, பிறகு தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டது. மற்றவையும் அப்படியே. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சிறுத்தை வருவது இன்று முதல்முறை அல்ல.

"குடி தம்பி," என்றது சிறுத்தை, மெதுவாக. "இங்க யாருமே பயப்படலையே. உனக்கு மட்டும் என்ன?"

துளிரன் குடித்தது. ஆமாம், அன்றைக்கும் குடித்தது. சிறுத்தையைவிடக் கூட்டத்தின் கேலிச் சிரிப்புக்குத்தான் அது அதிகம் பயந்தது. என்ன புத்தியோ!

மறுநாள் மாலை சிறுத்தை மருதனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. துளிரனோடு நெருங்கிப் பழகிய ஒரே மான் மருதன்தான். சிறுத்தை அதன் கழுத்தை நிதானமாக நக்கத் தொடங்கியது. மருதன் சிரித்த முகமாகவே நின்றது. ஆனால் அதன் கால்கள் வெடவெடத்தன.

துளிரனுக்குத் தாங்கவில்லை. மருதனின் காதோரம் குனிந்தது. "மருதா, உனக்குப் பயமா இல்லையா?"

மருதனின் கண் கலங்கியது. "முதல் நாள்ல இருந்தே பயமாத்தான்டா இருக்கு. நீங்கல்லாம் சும்மா இருக்கீங்களேன்னுதான் நானும் சும்மா இருக்கேன்."

துளிரன் காலைத் தூக்கிப் பாறையில் ஓங்கித் தட்டியது.

அடுத்த நொடியே எல்லாக் கால்களும் தட்டின. யாராவது தொடங்க மாட்டார்களா என்று ஒவ்வொன்றும் காத்துக் கிடந்திருக்கிறது. மான்கள் தடுமாறி, மோதி, விழுந்து எழுந்து ஓடின. மருதனும் சிறுத்தையின் நாக்குக்கடியிலிருந்து திமிறிக்கொண்டு ஓடியது.

வில்லாளனும் ஓடப் பார்த்தது. எல்லோரையும்விட அதிக நாளாகக் குடித்தது அதுதான். நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. சுனை ஓரத்திலேயே விழுந்தது.

"என்னை விட்டுட்டுப் போகாதீங்கடா," என்று அலறியது. "எனக்குப் பயமா இருக்கு."

அதன் வாயிலிருந்து அந்தச் சொல்லை மந்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. சிறுத்தை அவசரமில்லாமல் எழுந்தது.

புல்வெளியில் மூச்சு வாங்கி நின்ற மான்களுக்கு அதன்பின் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"இதை அவன் முன்னாடியே சொல்லியிருந்தா..." என்றது மருதன்.

"நாம யாராவது கேட்டிருந்தா..." என்றது துளிரன். பிறகு வாய்விட்டு அழுதது.

மனத்திலுள்ள பயத்தை நண்பனிடம் சொல்கிறவன் தப்பிக்க வழி உண்டு, கூட்டத்தோடு சேர்ந்து குடித்து அதை மறைக்கிறவனோ தன்னைக் கொல்ல வந்தவனுக்குத் தன் பக்கத்திலேயே இடம் விட்டு உட்காருகிறான்.