மகாராஜாவுக்கும் புகழுக்கும் நடுவே

முன்னொரு காலத்தில், அதாவது அரண்மனைக்குக் கணினி வந்துவிட்ட ஒரு முன்னொரு காலத்தில், கொன்றைநாட்டை அதிரவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர் சொன்னதே அவருக்கு வேதவாக்கு.

ஒரு கோப்பு எந்த உறைக்குள் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல, பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போடுவார்கள். கொன்றைநாட்டுக் கோடு இடப்பக்கம் சாயும். அயல்நாட்டிலிருந்து தன் கருவிகளோடு வேலைக்கு வந்த சேந்தனுக்கோ அது வலப்பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் அவன் கருவி கோட்டை விழுங்கிவிட்டு, வழி தெரியாமல் விழிக்கும். பாவம், கோடுகளைத் திருப்பித் திருப்பியே அவனுக்குப் பொழுது போனது.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. அவரைப் பற்றிய பாட்டை எல்லா நாடுகளுக்கும் அனுப்பச் சொல்லி, அரண்மனை ஓலைகளையெல்லாம் எழுதிவந்த ஓலைநாயகம் மாசிலாமணி கோப்பின் இருப்பிடத்தை எழுதிக் கொடுத்தார். கணினி வந்ததிலிருந்து தன்னை யாரும் சீண்டுவதில்லை என்று அவருக்குச் சேந்தன்மேல் புகைச்சல். சேந்தன் கோடுகளைத் திருப்பிப் போட்டுத் தட்டினான். திரையில் இரண்டு வரி வந்தது.

மகாராஜா: அப்படி ஒன்று இல்லை.
புகழ்: அப்படி ஒன்று இல்லை.

மாசிலாமணி சபைக்கு ஓடினார். "மோசம் போனோம், மகாராஜா! தாங்களே இல்லையாம்! தங்கள் புகழும் இல்லையாம்! இவன் கருவி சொல்கிறது!"

"என்ன திமிர்! இன்றைக்கே எல்லை தாண்டு!" என்று கர்ஜித்தார் ராஜா.

"என் மனைவி நிறைமாதக்காரி, மகாராஜா. மலைப்பாதையில் மாட்டுவண்டி குலுக்கினால்..." சேந்தன் கைகூப்பினான். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேந்தன் வீட்டு வாசலில் வண்டியில் மூட்டை ஏற ஆரம்பித்தது.

மந்திரி தாண்டவராயர் திரையைப் பார்த்துவிட்டு எழுந்தார். "தண்டனை சரிதான், மகாராஜா. ஆள்தான் மாறிவிட்டது. ஓலைநாயகமே, இந்தக் கோப்புக்குப் பெயர் வைத்தவர் யார்?"

"அடியேன்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மாசிலாமணி.

"என்ன பெயர்?"

"மகாராஜா புகழ்!"

"இரண்டு சொல்லுக்கும் நடுவே என்ன வைத்தீர்?"

"ஒன்றுமில்லை. சும்மா ஓர் இடைவெளி."

"கேட்டீர்களா, மகாராஜா? தங்களுக்கும் தங்கள் புகழுக்கும் நடுவே இடைவெளி விட்டவர் இவர்! சேந்தனின் கருவிக்கு இடைவெளி வந்தால் பெயர் முடிந்தது என்று அர்த்தம். அது புகழ் இல்லாத மகாராஜாவைத் தேடியது. மகாராஜா இல்லாத புகழைத் தேடியது. இந்த நாட்டில் இரண்டும் ஏது? இல்லை என்று உண்மையைச் சொன்னது!"

சபை குலுங்கிச் சிரித்தது. மாசிலாமணி தரையைப் பார்த்தார். சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரின் இரு பக்கமும் மேற்கோள்குறி போட்டு ஒன்றாகக் கட்டினான். பாட்டு நாடுகளுக்கெல்லாம் பறந்தது.

ராஜாவும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்டுவிட்டு, "ஓலைநாயகமே, என்னோடு வாரும்," என்று நடந்தார். சேந்தன் வீட்டு வாசலில், "அம்மா, அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்," என்று அந்தப் பெண்ணைக் கும்பிட்டார். வண்டியிலிருந்து முதல் மூட்டையை மகாராஜாவே இறக்கினார். மற்றதையெல்லாம் மாசிலாமணி இறக்கினார்.