ஏழு பெட்டிப் பண்டிதர்

கொன்றையூர் ராஜா வரகுணராயருக்குக் கதை என்றால் உயிர். சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருந்துவிடுவார், மத்தியானம் சபையில் கதை கேட்காமல் இருக்கமாட்டார். அப்படிப்பட்டவர் பத்து மாதமாக ஒரு கதையையும் முழுசாகக் கேட்கவில்லை. காரணம், திரிலோகநாத பண்டிதர்.

பண்டிதர் எங்கிருந்தோ ஏழு தேக்குப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார். உலகத்தில் உள்ள கதைகள் மொத்தம் ஏழே வகைதான் என்றார். போனவன் திரும்பி வந்தது ஒரு பெட்டி. பிரிந்தவர் சேர்ந்தது இரண்டாம் பெட்டி. அரக்கன் அழிந்தது இன்னொன்று. ஆறாவது, கர்வம் பிடித்தவன் கவிழ்ந்த கதை. ஏழாவது, ஏமாந்தவன் கதை. யார் கதை சொல்ல வந்தாலும் நாலு வாக்கியம் போவதற்குள் பண்டிதர் கையை உயர்த்துவார். எந்தப் பெட்டி, முடிவு என்ன என்று சபையறிய உரக்கச் சொல்லி, ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எரிச்சலே அதுதான். சபை ஆஹா என்னும். ராஜாவும் தலையாட்டுவார்.

தலையாட்டாத ஒரே ஆள் சாத்தையா. ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரன். நாள் முழுக்க நின்றபடியே பார்க்கும் உத்தியோகம். கதை ஓடும்போது மட்டும் கால்வலி தெரியாது. இப்போது பத்து மாதமாகக் கால்வலி.

இது போதாதென்று பண்டிதர் ஒரு சட்டமும் போடவைத்தார். பெட்டிக்குள் அடங்கும் கதையைச் சொன்னவர் நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும். பழைய சரக்கைப் புதுசென்று விற்பது மோசடியாம்.

சட்டத்தில் முதலில் மாட்டியவள் வீராயி. கதை சொல்லியே பிழைப்பவள், மூன்று நாள் நடந்து வந்திருந்தாள். "ஒரு ஊர்ல அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு. பஞ்சத்துல ஆளுக்கொரு திசையாப் போயிட்டாங்க" என்று ஆரம்பித்துவிட்டு, யாராவது 'உம்' கொட்டட்டும் என்று நிறுத்தினாள். 'உம்' வரவில்லை. "இரண்டாம் பெட்டி, கடைசியில் தழும்பைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வார்கள்" என்பது வந்தது.

"நான் இன்னும் கதைக்குள்ளேயே போகலையே சாமி" என்றாள் வீராயி.

போக வேண்டிய அவசியமில்லை என்றார் பண்டிதர். காவலர் இரண்டு பேர் அவளருகே வந்து நின்றார்கள். பிறந்த மண்ணை விட்டு இந்த வயதில் எங்கே போவது என்று தெரியாமல் அவள் பெட்டியையே பார்த்தாள். சாத்தையாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"மகாராஜா, எனக்கும் ஒரு கதை தெரியும். பண்டிதர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டால் நானும் இந்த அம்மாவோடு எல்லையைத் தாண்டிவிடுகிறேன். முடியாவிட்டால் இவள் இங்கேயே இருக்கட்டும்."

ராஜா சம்மதித்தார். பண்டிதர் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு புன்னகை செய்தார்.

சாத்தையா சொன்னான். "ஒரு ஊரில் ஒரு ராஜா. கதை என்றால் அவருக்கு உயிர். அவரிடம் ஒரு பண்டிதர் இருந்தார். கதை ராஜாவின் காதுக்கு வருமுன்னே வழிமறித்துப் பெட்டியில் அடைத்துவிடுவார். பத்து மாதமாக ராஜா ஒரு கதையும் கேட்கவில்லை. அதையே பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்." இவ்வளவு சொல்லிவிட்டுத் திரும்பினான். "எந்தப் பெட்டி பண்டிதரே? முடிவு என்ன?"

பண்டிதரின் கை உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. ஆறாம் பெட்டி என்றால் கவிழப்போவது அவர். அரக்கன் பெட்டி என்றால் அழியப்போவதும் அவரே. மற்றவை ஒட்டவே ஒட்டாது. கை மெல்ல, ஏமாந்தவன் கதைக்கான ஏழாம் பெட்டிப் பக்கம் நகர்ந்தது. ராஜா மீசையைத் தடவியபடி தன்னையே பார்ப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கை மடிக்குத் திரும்பிவிட்டது.

"இந்தக் கதை..." தொண்டையைச் செருமினார். "எதிலும் அடங்காது மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏழாவதைத் தொட வந்தீரே, பார்த்தேன். தொட்டிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும்."

சட்டம் அன்றே ஒழிந்தது. வீராயி ஒன்பது நாள் கதை சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. கதை நேரத்தில் உட்கார்ந்துகொள்ளச் சாத்தையாவுக்கு ஒரு முக்காலி கிடைத்தது. பண்டிதரையும் ராஜா கைவிடவில்லை. வீராயிக்கு நேர் எதிரே உட்காரவைத்து 'உம்' கொட்டும் வேலையைக் கொடுத்தார்.

முதல் நாள் பண்டிதர் வேண்டாவெறுப்பாக 'உம்' கொட்டினார். மூன்றாம் நாள் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள், தங்கச்சி அண்ணனைக் கண்டுபிடித்துத் தன் தழும்பைக் காட்டினாள். "அண்ணன்காரன் பார்த்தான். நீ யாருன்னே எனக்குத் தெரியாதுன்னுட்டான்" என்று சொல்லி நிறுத்தினாள் வீராயி.

'உம்' வரவில்லை. "அப்புறம்?" என்பது வந்தது.

முக்காலியிலிருந்து சாத்தையா குனிந்து, "எந்தப் பெட்டி பண்டிதரே?" என்றான்.

"சும்மா இருமய்யா, அவள் சொல்லட்டும்" என்றார் பண்டிதர்.